குட்டைப் பல்லு

புதுச் செயின் வேணாம்ண்ணே. பழசா ஒண்ணு இருந்தாக் குடுங்க.

இல்லண்ணே, காசுக்காக இல்ல. புதுசு பளபளன்னு இருக்கும். நமக்கு வேண்டியது ஓடித் தேஞ்ச செயின். நாலஞ்சு வருசம் மரம் அறுத்து, அரம் போட்டு ராவி ராவித் தேஞ்சிருக்கணும். அந்த ஆணியில கொத்தா மாட்டியிருக்கீங்கள்ல, அதுல பாருங்க. இந்தத் திண்டுக்கல்லுல ஆறு கடை ஏறி எறங்கிட்டேன். எல்லாவனும் டப்பாவைத்தான் எடுத்து நீட்டுறான். ஒருத்தன் என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, 'பழைய செயினை வச்சு என்ன பண்ணப் போற, மாலையாப் போடப் போறியா'ங்குறான். எடுபட்ட பய. வந்த வேலையாச்சேன்னு பேசாம எறங்கி வந்துட்டேன்.

மெஷினா? மெஷினைக் கொண்டாரல. மரம் அறுக்கிற மெஷினைத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ்ல ஏறுனா நாலு பேரு நாலு கேள்வி கேப்பான். செயின் ஓடுற பட்டையை மட்டும் கழட்டிக் கொண்டாந்திருக்கேன், சாக்குல இருக்கு பாருங்க. இருபது இஞ்சுப் பட்டை. இருபது இஞ்சுன்னா ஒடனே ஒண்ணை எடுத்துக் குடுத்துருவானுக. உங்களுக்குத் தெரியாததா? அளவு இஞ்சுலயா இருக்கு, பல்லுல இருக்கு. உள்பல்லு எழுபத்திரெண்டு. இந்தப் பட்டைப் பள்ளத்துக்குள்ள ஓடுற பல்லைச் சொல்றேன். வெட்டுற பல்லு முப்பத்தாறு. பதினெட்டு இந்தப் பக்கம் பாத்தது, பதினெட்டு அந்தப் பக்கம் பாத்தது.

எண்ணிக்கை சரியா இருந்தா மட்டும் பத்தாதுண்ணே. கனமும் பாக்கணும். இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு ரெண்டைச் சேத்து இந்தப் பள்ளத்துல விடுங்க. ஆடுதா? ஆடணும். இறுகி நின்னா அது சின்ன கனத்துப் பட்டை. இது பெரிய கனம். இதுல போயி சின்ன கனத்துச் செயினை மாட்டுனா என்ன ஆகும்? எண்ணிக்கை பொருந்தும், பாக்குறதுக்கும் ஒண்ணும் தெரியாது, ஓடவும் ஓடும். மரத்துக்குள்ள பாதி போனதும் ஒரு பக்கமாச் சாஞ்சு, பள்ளத்தை விட்டு எகிறி வந்துரும்.

தெரியும்ண்ணே, எனக்கு எல்லாம் தெரியும். மெஷினைப் பிடிக்க விடலேன்னா மெஷினைப் பத்தித் தெரியாமப் போயிருமா?

ஐயய்யோ, அதை எடுக்காதீங்க. சாக்குக்கு அடியில கெடக்கிற அந்தச் செயின் வேற. அது இந்த மெஷினுது இல்ல. சாக்கோட வந்துருச்சு. அப்படியே வைங்கண்ணே.

ஊரு தாண்டிக்குடிக்கு மேல. காப்பித் தோட்டம். பேரு தவசி. வத்தலக்குண்டுல ஏன் கேக்கலைன்னா, அங்க எல்லா மெஷின் கடைக்காரனும் எங்க மச்சானுக்குப் பழக்கம். காலையில ஒரு வார்த்தை கேட்டா மத்தியானத்துக்குள்ள மலைக்குச் சேதி போயிரும். அதான் வெள்ளன எந்திரிச்சு இங்கிட்டு வந்துட்டேன். பஸ்ஸும் காலியாத்தான் வந்துச்சு. எங்க தோட்டத்து லயன் வீடுகள்ல இருந்து ஒரு பொம்பள ஏறல. இந்த வருசம் மழை இல்லாம காப்பிப்பழம் மாசியிலேயே முடிஞ்சுபோச்சுல்ல, பங்குனியில கழுவுற தொட்டியை நேத்தே கழுவ எறக்கிட்டாரு தோட்டத்துக் கணக்கு பாக்குற ரைட்டரு. பழத்தைத் தோலுரிச்சு ஊறப் போடுற தொட்டி. தண்ணியத் தொறந்து விட்டுட்டு அடிச் சகதியை வாரணும். நாத்தம்னா நாத்தம், அப்படி ஒரு நாத்தம். என் வீட்டுக்காரியும் அங்கதான் எறங்கியிருக்கா.

போனா? அடிக்கட்டும். தங்கச்சிதான். அப்புறம் பேசிக்கிறேன், நீங்க பாருங்க.

அந்த மூணாவது செயினை எடுங்க. துருப்பிடிச்சுக் கெடக்குதேன்னு பாக்காதீங்க, மண்ணெண்ணெயில ஊறப்போட்டா போயிரும். எண்ணுங்க. நானும் எண்ணட்டுமா? சரி, நீங்களே எண்ணுங்க, பேச்சுக் குடுத்தா விட்டுப்போயிரும்.

...

எழுபதா. ரெண்டு கொறையுதுண்ணே. ரெண்டு கண்ணியைச் சேத்து அடிச்சுக் குடுத்துருவீங்களா? வேணாம் வேணாம். சேத்து அடிச்ச எடம் பளிச்சுன்னு தெரியும். அவ விரலை வச்சாலே கண்டுபிடிச்சுருவா.

யாரா? தங்கச்சிதான். பேச்சியம்மா. பேச்சின்னுதான் கூப்புடுவோம்.

உங்க கடையில செயின் ராவுறது யாரு? நீங்கதான? எங்க வீட்டுல தங்கச்சிதாண்ணே ராவுவா. எங்கப்பா அவளுக்குத்தான் அரம் பிடிக்கச் சொல்லிக்குடுத்தாரு. சாயங்காலம் லயன் வாசல்ல உக்காந்து பட்டையை முழங்காலுக்கு நடுவுல குடுத்துக்கிட்டு, ஒரு பல்லுக்கு மூணு இழுப்பு. சர்ரு, சர்ரு, சர்ரு. அடுத்த பல்லு. சர்ரு, சர்ரு, சர்ரு. லயன்ல இருக்கிற சின்னப் புள்ளைக்குக்கூட அந்தச் சத்தம் தெரியும். ராவி முடிச்சு அவளே மாட்டி, அவளே முறுக்கி, கையால ஒரு சுத்துச் சுத்திப் பாத்து வச்சுருவா. மச்சான் காலையில தூக்கிட்டுப் போவாரு, அவ்வளவுதான். பொண்டாட்டி கை பட்டதுன்னா அவரு குனிஞ்சுகூடப் பாக்க மாட்டாரு. மெஷின் பிடிக்கிறவனுக்கு அது ஆகுமாண்ணே? நாமதான பாக்கணும்?

மச்சான்னா அவ புருசன். அழகுமலை. இருந்தாரு. போயிட்டாரு. இன்னிக்குப் பதிமூணு நாளாச்சு.

ஆமாண்ணே, மெஷின்லதான்.

விடுங்க. நான் சொல்ல வந்தது வேற. மெஷின் எங்கப்பாவோடது. அந்த மலையில மொதமொதல்ல மெஷின் வச்சு மரம் அறுத்தவரு எங்கப்பாதான். அவருக்குப் பிற்பாடு அது யாருக்கு வரணும்? பெத்த மகன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல? உசிரோட இருக்கையிலேயே தூக்கி மருமகன் கையில குடுத்துட்டாரு. என்ன காரணம்னு கேளுங்க. 'தவசிக்குக் கோவம் வரும், மெஷின் பிடிக்கிறவனுக்குக் கோவம் ஆகாது'ன்னாரு. சாதிசனம் பூரா உக்காந்திருக்கையில சொன்னாரு. எனக்காண்ணே கோவம் வரும்? என்னையப் பாத்தா அப்படியா தெரியுது? யோவ், பக்கத்துக் கடை, அந்த ரேடியோவைச் செத்த நேரம் அணைச்சு வைய்யா! மனுசன் பேசிக்கிட்டு இருக்கான்ல, கத்துது கழுத!

பாருங்க, அணைச்சுட்டான். சொன்னாத்தான் கேக்குறானுக.

பதினொரு வருசம் வடம் பிடிச்சேண்ணே. மரத்து உச்சியில வடத்தைக் கட்டி, அறுக்க அறுக்க இழுத்துப் பிடிச்சு, விழுகிற பக்கம் பாத்துச் சாய்க்கணும். அது லேசுப்பட்ட வேலை இல்ல. ஆனா எவன் கண்ணுக்குத் தெரியுது? மெஷின் சத்தம்தான ஊருக்குக் கேக்கும். மச்சான் நல்ல மனுசன், இல்லைங்கல. அதுதான் தொல்லையே. டீ வந்தா மொதக் கிளாஸை என்கிட்டதான் நீட்டுவாரு. எல்லாரும் பாக்க நீட்டுவாரு. 'மாப்ள, நீ குடி'ம்பாரு. எனக்கு எப்படி இருக்கும்? வேலைக்காரனுக்கு மொதச் சோறு போடுற மாதிரி இருக்கும். அந்த டீ ஒருநாளும் எனக்கு இனிச்சதே இல்லண்ணே.

இந்த மாசி பொறந்ததும் தோட்டத்துக்காரர் பஸ் ரோட்டு ஓரத்துல நாப்பது சில்வர் ஓக் மரத்தை வெட்டச் சொல்லிட்டாரு. வியாபாரி லாரியோட வந்து நிக்கிறான். அப்பத்தான் மச்சான் என்னையத் தனியாக் கூப்பிட்டாரு. 'மாப்ள, இந்த வேலை முடிஞ்சதும் நான் புது மெஷின் எடுக்கப் போறேன். பழசை நீ வச்சுக்க'ன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. பழசாம்ல. எங்கப்பா மெஷினை எனக்கே தர்மம் பண்றாராம். நான் தலையத் தலைய ஆட்டுனேன். ஆனா அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலண்ணே.

மறுக்கா அடிக்குது பாருங்க. அவளேதான். துக்க வீட்டுல இருந்துக்கிட்டு எதுக்கு இத்தனை தடவை கூப்புடுறா? அடிச்சு ஓயட்டும்.

அந்தக் கொத்துல அடியில ஒண்ணு தொங்குதே, கருத்துப்போயி, அதை எடுங்க. ஆங், அதுதான். பல்லுக் குட்டையாத் தேஞ்சிருக்கு பாருங்க, அந்த அளவுதான் வேணும். எண்ணுங்கண்ணே. பிளேடு வச்சும் பாத்துருங்க.

எழுபத்திரெண்டா? கனமும் பெருசா? அப்பாடா. சாமி கண்ணைத் தொறந்துருச்சு. இல்லண்ணே, சிரிக்கல, ஒரு நிம்மதி. மூணு நாளாத் தூக்கம் இல்ல.

இருங்க, இன்னும் ஒரு சின்ன வேலை இருக்கு. அதுக்கு முன்னாடி, நீங்க என்னைய ஒரு மாதிரியாப் பாக்குறீங்க. ஒண்ணும் ஒளிக்கிறதுக்கு இல்லண்ணே, சொல்லிர்றேன்.

வர்ற வெள்ளிக்கிழமை மச்சானுக்குக் கருமாதி. எங்க பக்கத்துல, செத்தவரு கையில புழங்குன சாமானைப் படையல்ல வைப்பாங்க. கொத்தனாருன்னா கரண்டி, தச்சருன்னா உளி. மச்சானுக்கு மெஷின். மெஷின் இப்ப என் வீட்டுல இருக்கு. நடந்த அன்னைக்கு ரைட்டரு எடுத்து என்கிட்டதான் குடுத்தாரு. பேச்சி என்ன கேக்குறா, 'செயினோட கொண்டாந்து குடு அண்ணே, படைக்கிறதுக்கு முன்னாடி நான் ஒருதடவை ராவி வைக்கணும்'ங்குறா. செயினை வீசிட்டேன்னு சொல்லிப் பாத்தேன். 'எங்க வீசுன, தேடி எடுத்துட்டு வா'ங்குறா. ஒத்தக் கால்ல நிக்கிறாண்ணே.

ஏன் நிக்கிறான்னா, தன்னாலதான் புருசன் போயிட்டாருன்னு நெனைக்கிறா. 'நான் முறுக்குனது பத்தலையோ, நான் ராவுனதுல கோணிப்போச்சோ, அதான் கழண்டுச்சோ'ன்னு அதையே சொல்லிக்கிட்டுச் சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கா. செயினைப் பாத்தா எங்க தப்புப் பண்ணுனோம்னு தெரிஞ்சுருமாம். பதிமூணு நாளா வாயில ஒழுங்கா ஒரு வாய் சோறு வைக்கல.

நானா? நான் என்னத்தச் சொல்ல? 'விதி ஆத்தா, உன் கையில என்ன இருக்கு'ன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன். இந்தச் செயினைக் கொண்டுபோயிக் குடுத்தா ராவுவா, பாப்பா, நாலு நாளு அழுவா, அப்புறம் சரியாப் போயிரும். பொம்பளைக அழுது தீத்துருவாங்கண்ணே. நமக்குத்தான் உள்ளேயே கெடந்து உறுத்தும்.

அவ மாட்டுன செயின் எங்கயா?

அன்னைக்கு அவ ஊர்லயே இல்ல. நிலக்கோட்டையில ஒரு சடங்கு வீட்டுக்கு மொதநாளே போயிட்டா. போறதுக்கு முன்னாடி ராவி, மாட்டி, முறுக்கி வச்சுட்டுத்தான் போனா. காலையில மெஷினைத் தூக்கிட்டு வரச் சொல்லி மச்சான் என்னையத்தான் அனுப்புனாரு. தூக்குனேன். வீட்டுல ஆளு இல்ல. கீழ் தோட்டத்துக்காரன் கழிச்சுப் போட்ட சின்ன கனத்துச் செயின் ஒண்ணு ரொம்ப நாளா என்கிட்ட கெடந்துச்சு. சும்மா பொருந்துதான்னு பாக்கலாம்னு மாட்டிப் பாத்தேன். எழுபத்திரெண்டு, கணக்காப் பொருந்துச்சு.

கழட்டியிருக்கலாம்தான். நேரம் ஆச்சு. அவரு அங்கிட்டு கூவுறாரு.

நான் நெனைச்சது வேறண்ணே. சத்தியமா. மரத்துல பாதி போனதும் செயின் கழண்டு, மெஷின் மக்கர் பண்ணி நிக்கும். வியாபாரி பாப்பான். தோட்டத்துக்காரர் பாப்பாரு. 'என்னப்பா அழகுமலை, உன் மெஷின் இப்படி'ம்பாங்க. நான் போயி ஒரே நிமிசத்துல சரியான செயினை மாட்டி ஓட்டிக் காட்டணும். அவ்வளவுதான். ஒருதடவை எல்லாரும் பாக்கணும். பதினொரு வருசத்துல ஒரே ஒருதடவை. அது தப்பா?

செயின் கழண்டா பிடிச்சு நிறுத்துறதுக்கு மெஷினுக்கு அடியில ஒரு கொக்கி இருக்கும்ல, அது எங்கப்பா காலத்துலயே ஒடைஞ்சுபோச்சு. தெரியும்ண்ணே. மறந்துட்டேன். தெரிஞ்சது எல்லாம் அந்த நேரத்துக்கு ஞாபகம் வந்துருதா?

மெஷினைக் கையில குடுத்தேன். எப்பவும் கேக்காத மனுசன், அன்னைக்குக் கேட்டாருண்ணே. 'ஓட்டம் ஒரு மாதிரி இருக்கே மாப்ள, பேச்சி மாட்டுனதுதான?'ன்னாரு. நான் வடத்தைச் சுருட்டிக்கிட்டு இருந்தேன். 'ஆமா மச்சான்'னேன். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையக் கேட்டதும் தலையாட்டிக்கிட்டு மரத்துக்கிட்ட போயிட்டாரு. ஒரு வார்த்தைக்கு இவ்வளவாண்ணே?

எப்பவும் நிக்கிற எடத்துலதான் நின்னேன். கொஞ்சம் தள்ளி. அன்னைக்கு வடம் நீளமா இருந்துச்சு, அதான் தள்ளி நின்னேன். செயின் எகிறி வந்து மச்சான் தொடையில வாங்குச்சு. லாரியிலயே போட்டு எறக்குனோம். அத்தனை வளைவும் எறங்கி வத்தலக்குண்டு வரணும்ல. பாதி வழியில கண்ணைத் தொறந்து என்னையப் பாத்தாரு. 'பேச்சிக்கிட்ட ஒண்ணும் சொல்லிறாத மாப்ள, அவ மாட்டுனதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா'ன்னாரு. அதுக்கப்புறம் பேசலண்ணே.

நானா அவகிட்டச் சொன்னேன்? அவளா வந்து கேட்டா. 'நான் மாட்டுன செயினாண்ணே?'ன்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டா. இல்லைன்னு சொன்னா, பின்ன யாரு மாட்டுனதுன்னு கேப்பாள்ல? ஆமான்னுட்டேன்.

கேஸு எதுவும் இல்லண்ணே. செயின் கழண்டு விபத்துன்னு எழுதிட்டாங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நானும் போட்டேன்.

அவ மாட்டியிருந்த பழைய செயினா? அன்னைக்குக் காலையிலயே மடியில இருந்துச்சு. மரத்துக்கிட்ட வச்சு மாட்டிக் காட்டணும்னுதான் மடியில கட்டியிருந்தேன். அவரை வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில விட்டுட்டுத் திரும்பி வந்தப்ப பாரமா இருந்துச்சு. தோலுரிக்கிற ஷெட்டுப் பக்கமா வந்தேன், தொட்டியில போட்டுட்டேன். ஆளு முங்குற ஆழம். பங்குனி வரைக்கும் அதை எவன் தொடப்போறான்னு...

இல்லண்ணே, நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. கழுவுறாங்கதான். அவளுக என்ன பாத்துப் பாத்தா வாருவாளுக? மம்பட்டியால சகதியோட சகதியாக் குழியில தள்ளிருவாளுக. செயினா சங்கிலியான்னு எவளுக்குத் தெரியும்? அதெல்லாம் ஒண்ணும் ஆகாது.

சரி, வேலையைச் சொல்றேன். நேரம் ஆச்சு, மலைக்குப் பஸ்ஸைப் பிடிக்கணும்.

அவ செயின்ல ஒரு பல்லு குட்டைண்ணே. மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு மரத்துல எவனோ தகரப் பலகை அடிச்சிருந்தான், உள்ள ஆணி இருந்துச்சு, அதுல பட்டு மொனை போயிருச்சு. அவதான் ராவி ராவி அதை ஒருவழியா நேராக்குனா. மத்ததுல பாதிதான் இருக்கும். எல்லாப் பல்லுக்கும் மூணு இழுப்பு இழுப்பா, அந்தக் குட்டைப் பல்லுக்கு மட்டும் ஒரே இழுப்பு. 'இது நோஞ்சான், இதுக்கு இது போதும்'பா. நேத்துக்கூட சொல்லிவிட்டிருக்கா, அந்தக் குட்டைப் பல்லுக்கு மஞ்சள் வச்சுத்தான் படைக்கணும்னு. அதனால இந்தச் செயின்ல ஒரே ஒரு பல்லைக் குட்டையா ராவிக் குடுத்துருங்க. ஒரு பத்து நிமிச வேலை. அரம் உங்க கையிலதான இருக்கு.

எந்தப் பக்கத்துப் பல்லா?

அதான், ஒரு பல்லுண்ணே. ஏதோ ஒண்ணு.

இடப்பக்கம் பாத்ததா, வலப்பக்கம் பாத்ததான்னா... இருங்க. பட்டையை இப்படி வச்சுக்கிட்டு உக்காருவா. மொத ஒரு பக்கத்துப் பல்லு பூரா ராவுவா. அப்புறம் திருப்பி வச்சுக்கிட்டு அந்தப் பக்கம். ஒரு இழுப்பு இழுக்கிறது எப்போ வரும்? திருப்புறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? பதினொரு வருசமா அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கேண்ணே. கேட்டிருக்கேன். பக்கத்துல போயி உக்காந்து பாத்தது இல்ல. எனக்கு எதுக்கு, நம்ம மெஷினா அது?

இடப்பக்கமே வைங்க. இல்ல, இருங்க, வைக்காதீங்க. மாத்தி வச்சா தொட்டதும் தெரிஞ்சுரும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மச்சானுக்குத் தெரிஞ்சிருக்கும்.

மறுபடியும் அடிக்குது. எடுக்கச் சொல்றீங்களா? எடுத்தா என்ன கேப்பா, எங்க இருக்கன்னு கேப்பா. சரி, பேச்சுவாக்குல கேட்டுப் பாக்குறேன். 'ஏத்தா, அந்தக் குட்டைப் பல்லு எந்தப் பக்கம்'னு சாதாரணமாக் கேட்டா சொல்லிருவா, அவளுக்குச் சூது தெரியாது. கையெல்லாம் கிரீஸு. ஸ்பீக்கரைப் போட்டு மேசையில வைங்கண்ணே.

அலோ. பேச்சி? ஆத்தா, நான்தான். திண்டுக்கல்லுக்கு ஒரு சோலியா வந்தேன். அலோ?

பேச மாட்டேங்குறா. என்னமோ சத்தம் கேக்குது. உங்களுக்குக் கேக்குதா? லயன்ல டவர் சரியா இருக்காது, அதான் கரகரன்னு...

இல்ல.

ராவுறாண்ணே.

எதுல வச்சு ராவுறா? பட்டை இங்க இருக்கு. மடியில வச்சு ராவுறாளோ. மூணு. அடுத்தது. மூணு. யாரு குடுத்தா அவளுக்குச் செயினு? தொட்டியில எறங்குன என் வீட்டுக்காரி நேத்து ராத்திரி ஏன் பேச்சி வீட்டுலயே படுத்துக்கிறேன்னு... மூணு. பேச்சி, ஏத்தா, எதை ராவுற நீ? சொல்லு. மூணு. அலோ. மூணு.

ஒண்ணு.

கேட்டீங்களாண்ணே? ஒண்ணு. ஒரே இழுப்பு. நிறுத்திட்டா.

...

வச்சுட்டா. 'கேட்டுச்சா அண்ணே'ன்னா. அவ்வளவுதான். அழுகக்கூட இல்ல. பதிமூணு நாளா அழுதுக்கிட்டுக் கெடந்தவ, ஒரு சொட்டு அழுகலண்ணே குரல்ல. தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க.

அந்தச் செயினை ஆணியிலயே மாட்டிருங்க. வேணாம். வெள்ளிக்கிழமை எல்லாரும் வருவாங்க, சாதிசனம் பூரா வரும். படையல்ல வைப்பா. தொட்டியில இருந்து வந்ததைக் கழுவி மஞ்சள் வச்சு வைப்பா. மெஷின்ல இருக்க வேண்டிய செயின் தொட்டிக்கு எப்படிப் போச்சுன்னு ஒருத்தனாவது கேப்பான்ல?

பழனிக்குப் போற பஸ்ஸு எங்க நிக்கும்ண்ணே? இல்ல, அங்கிட்டு வேணாம். கோயமுத்தூருக்கு எத்தனை மணிக்கு இருக்கு?

பட்டையைக் குடுங்க, நான் கெளம்புறேன். ஏண்ணே, எதுக்கு அதை உள்ள கொண்டுபோறீங்க? சாக்கையும் எடுக்குறீங்க. அந்தச் செயினு இந்த மெஷினுது இல்லன்னு சொன்னேன்ல. எதுக்குண்ணே பூட்டுறீங்க? யாருக்குப் போன் போடுறீங்க? என்னையப் பாத்துச் சொல்லுங்கண்ணே. நான் என்ன பண்ணேன்? மெஷினை ஓட்டுனது அவரு. முறுக்குனேன்னு சொல்றவ அவ. நான் தள்ளித்தாண்ணே நின்னேன், வடத்தைத்தான் பிடிச்சிருந்தேன்.